கேள்வி-பதில்: சின்ன கிளப்பின் வரவு செலவு

இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்தில் புரளும் பணத்தைப் பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில். தொகைகள் எல்லாம் பவுண்டில். வீரர்களின் விலையைக் கிளப்கள் பெரும்பாலும் வெளியே சொல்வதில்லை. கீழே வருபவை பத்திரிகைகளில் பரவலாக வெளிவந்த தொகைகள்.

கேள்வி: பிரைட்டன் அணி ஒவ்வொரு கோடையிலும் தன் நல்ல வீரர்களை விற்றுவிடுகிறது. ஆனாலும் லீகில் தாக்குப்பிடிக்கிறதே, எப்படி?
எம்.எஸ்., நாகர்கோவில்

விற்பதற்கு முன்பே அடுத்தவர் யார் என்று முடிவு செய்து வைத்திருப்பதால்தான். 2022 ஆகஸ்ட் தொடக்கத்தில் இடதுபக்கத் தடுப்பாட்டக்காரர் மார்க் குக்குரேயாவை 5.5 கோடிக்குச் செல்சியிடம் விற்றார்கள். நிபந்தனைகள் நிறைவேறினால் மேலும் 70 லட்சம். ஓராண்டுக்கு முன் அவரை வாங்கிய விலை ஒன்றரைக் கோடி சொச்சம். விற்ற இரண்டு வாரத்துக்குள் ஸ்பெயினின் வியாரியாலிலிருந்து பெர்விஸ் எஸ்துபினியான் வந்து இறங்கினார், கிட்டத்தட்ட அதே ஒன்றரைக் கோடிக்கு. இடம் காலியான பிறகு தேடத் தொடங்கினால் இந்த விலைக்கு ஆள் கிடைக்காது. உங்கள் பையில் 5 கோடி இருப்பது ஊருக்கே தெரிந்திருக்கும்போது விற்பவர் இறங்கி வருவாரா?

அடுத்தது, எப்போது மறுப்பது என்று தெரிந்திருப்பது. மோய்செஸ் கைசெடோவை 2021-ல் எக்வடாரின் இன்டிபென்டியன்டே டெல் வாயே கிளப்பிடமிருந்து ஏறக்குறைய 45 லட்சத்துக்கு வாங்கி, முதலில் பெல்ஜியத்தின் பீர்ஷாட்டில் ஆடிப் பழக அனுப்பினார்கள். 2023 ஜனவரியில் ஆர்சனல் 6 கோடி கேட்டது, பிறகு 7 கோடி என்றது. வீரரே போக ஆசைப்பட்டு சமூக ஊடகத்தில் எழுதினார். பிரைட்டன் அசையவில்லை. மார்ச்சில் சம்பளத்தைக் கூட்டி 2027 வரை புது ஒப்பந்தம் போட்டது. ஆகஸ்டில் லிவர்பூலும் செல்சியும் போட்டி போட, 10 கோடி உறுதித் தொகை, மேலே 1.5 கோடி வரை நிபந்தனைத் தொகை என்று செல்சிக்குப் போனார். ஏழு மாதப் பொறுமையின் விலை 3 கோடிக்கு மேல். அந்தப் பேரத்துக்குப் பலம் தந்தது ஒப்பந்தத்தில் மீதமிருந்த ஆண்டுகள். இரண்டு ஆண்டு மீதமிருக்கும்போதே நீட்டிப்பதா விற்பதா என்று தீர்மானித்துவிட வேண்டும். கடைசி ஆண்டுக்குள் நுழைந்துவிட்டால் விலை பாதாளத்துக்குப் போகும். அடுத்த கோடையில் அவர் சும்மாவே கிளம்பிவிடலாம்.

ஆனால் பிரைட்டனை ஏழைக் கிளப் என்று நினைத்துப் பாராட்டுவது சரியில்லை. 2019-20-ல் 6.72 கோடி, அடுத்த ஆண்டு 5.34 கோடி என்று நட்டம் பார்த்த கிளப் அது. உரிமையாளர் டோனி புளூம் வட்டியில்லாக் கடனாகப் போட்ட பணம் ஒரு கட்டத்தில் 40 கோடியை ஒட்டி இருந்தது. புதிய மைதானமும் பயிற்சிக்கூடமும் அந்தப் பணத்தில் வந்தவை. 2022-23-ல் கிடைத்த 12.28 கோடி லாபம் அந்த விதைப்புக்கு வந்த அறுவடை. வீரர் விற்பனையால் மட்டும் அந்த ஆண்டு கிடைத்த லாபம் 12.14 கோடி. இவர்களைப் பார்த்து நகலெடுக்கக் கிளம்பும் கிளப்கள் பெரும்பாலும் அந்த முதல் பத்தாண்டைக் கணக்கில் எடுப்பதில்லை.

கேள்வி: செல்சி இவ்வளவு பணத்தைக் கொட்டியும் விதிக்குள் இருந்தது என்கிறார்களே. எப்படி என்று எண்களோடு விளக்க முடியுமா?
ஆர்.வி., கோயம்புத்தூர்

முடியும். விதி என்பது மூன்று ஆண்டுகளின் மொத்த நட்டத்துக்குப் போட்ட வரம்பு; விவரம் அடுத்த பதிலில். வீரரை வாங்கிய விலை அந்த ஆண்டுச் செலவாகக் கணக்கில் ஏறாது. ஒப்பந்த ஆண்டுகளுக்குச் சமமாகப் பிரிந்து ஏறும்; இதற்குப் பெயர் அமார்ட்டைசேஷன். 6 கோடிக்கு வாங்கி ஐந்தாண்டு ஒப்பந்தம் என்றால் ஆண்டுக்கு 1.2 கோடி செலவு. இரண்டு ஆண்டு கழித்துக் கிளப்பின் கணக்குப் புத்தகத்தில் அவருடைய மதிப்பு 3.6 கோடி. அப்போது அவரை 5 கோடிக்கு விற்றால், வாங்கிய விலையைவிட ஒரு கோடி குறைவாக விற்றும், கணக்கில் 1.4 கோடி லாபம் நிற்கும். லாபம் முழுவதும் விற்ற ஆண்டிலேயே ஏறும். செலவு சொட்டுச் சொட்டாக, லாபம் ஒரே வாளியில். இவ்வளவுதான் சூட்சுமம்.

செல்சி செய்தது இந்த ஆண்டுகளை இழுத்தது. 2023 ஜனவரியில் என்சோ ஃபெர்னாண்டஸை 10.68 கோடிக்கு வாங்கி எட்டரை ஆண்டு ஒப்பந்தம் போட்டார்கள். ஆண்டுச் செலவு 1.26 கோடி. ஐந்தாண்டு என்றால் அது 2.14 கோடியாக இருந்திருக்கும். இதைப் பார்த்து 2023 கோடையில் ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பான யூஇஎஃப்ஏவும், அதே ஆண்டு டிசம்பரில் பிரீமியர் லீகும் விதியை மாற்றின. ஒப்பந்தம் எத்தனை ஆண்டு போட்டாலும் விலையை ஐந்தாண்டுக்குள் பிரித்தாக வேண்டும். பழைய ஒப்பந்தங்களை இது தொடாது.

இதில் ஒளிந்திருக்கும் ஆபத்தைச் சின்ன கிளப்கள் கவனிக்க வேண்டும். அதே 6 கோடி வீரருக்கு எட்டாண்டு என்றால் ஆண்டுக்கு 75 லட்சம்தான். ஆனால் இரண்டு ஆண்டு கழித்துப் புத்தக மதிப்பு இன்னும் 4.5 கோடி இருக்கும். அவர் சோபிக்கவில்லை, 4 கோடிதான் விலை வருகிறது என்றால் 50 லட்சம் நட்டம் எழுத வேண்டும். யாருமே வாங்க வராவிட்டால் இன்னும் ஆறு ஆண்டுச் சம்பளம் கழுத்தில் தொங்கும்.

சம்பளம் என்றதும் ஒன்று. செய்தித்தாள்களின் தலைப்பு எப்போதும் விலையைப் பற்றியே இருக்கிறது. கிளப்களைக் கவிழ்ப்பது சம்பளம்தான் என்பது எங்கள் உறுதியான கருத்து. வாரம் 2 லட்சம் வாங்கும் வீரருக்கு ஆண்டுக்கு 1.04 கோடி. முதலாளி கட்ட வேண்டிய தேசியக் காப்பீடு 2025 ஏப்ரல் முதல் 15 விழுக்காடு; அதில் ஏறக்குறைய இன்னொரு 15.6 லட்சம். ஐந்தாண்டில் 6 கோடியைத் தொட்டுவிடும். அந்த 6 கோடி விலையையாவது விற்றுக் கொஞ்சம் மீட்கலாம். சம்பளம் போனது போனதுதான். பழைய ஒப்பந்தம் முடிந்து 'இலவசமாக' வரும் வீரரும் இந்தக் கணக்கில் இலவசம் கிடையாது. விலை இல்லை என்பதால் அவரும் ஏஜென்டும் கையெழுத்துப் பணமும் கூடுதல் சம்பளமும் கேட்பார்கள்.

செல்சி தன் இரண்டு ஓட்டல்களை 7.65 கோடிக்கும், பிறகு மகளிர் அணியை ஏறக்குறைய 20 கோடிக்கும் தன் சொந்தக் குழும நிறுவனங்களுக்கே விற்று வரவு காட்டியது. பிரீமியர் லீக் விதியில் அதற்கு இடம் இருந்தது. யூஇஎஃப்ஏ அந்த வரவை ஏற்கவில்லை. 2025 ஜூலையில் 3.1 கோடி யூரோ அபராதம் கட்ட வைத்தது.

கேள்வி: நியூகாசிலின் உரிமையாளர் சவூதி அரசின் முதலீட்டு நிதி. அவர்கள் நினைத்தால் யாரையும் வாங்கலாமே? ஏன் வீரர்களை விற்கிறார்கள்?
கே., புதுச்சேரி

பையில் இருக்கும் பணத்துக்கும் செலவழிக்க அனுமதி உள்ள பணத்துக்கும் தொடர்பில்லை. இதுவரை இருந்த விதி: மூன்று ஆண்டுகளில் மொத்த நட்டம் 10.5 கோடியைத் தாண்டக்கூடாது. அதிலும் 1.5 கோடிக்கு மேற்பட்டதை உரிமையாளர் பங்கு முதலாகப் போட்டு ஈடுகட்ட வேண்டும். கடனாகக் கொடுத்தால் செல்லாது. இளையோர் அகாடமி, மகளிர் அணி, மைதானக் கட்டுமானம், ஊர் நலப் பணி ஆகியவற்றுக்கான செலவு இந்த நட்டத்தில் சேராது. எனவே பணமுள்ள உரிமையாளர் தடையின்றிச் செலவழிக்கக்கூடிய இடங்கள் அவை.

நியூகாசிலுக்கு 2024 ஜூன் 30-க்குள் கணக்கைச் சரிக்கட்ட வேண்டிய நெருக்கடி. கடைசி நாட்களில் எலியட் ஆண்டர்சன் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கும், யான்குபா மின்டே பிரைட்டனுக்கும் போனார்கள், ஆளுக்கு 3 கோடிக்கு மேல். ஆண்டர்சன் அந்த ஊர்ப் பகுதியிலேயே பிறந்து அகாடமியில் சின்ன வயது முதல் வளர்ந்த பையன். அகாடமி வீரருக்குப் புத்தக மதிப்பு பூஜ்யம். ஆகவே அவரை விற்றால் வரும் தொகை முழுவதும் லாபம்.

இந்த விதியின் மிகப் பெரிய கேடு இதுதான் என்று நினைக்கிறோம். சொந்த ஊர்ப் பிள்ளையைத் தக்கவைப்பதைவிட விற்பதே கணக்குக்கு லாபம் என்று ஆக்கிவிட்டது. அதே ஜூனில் கிளப்கள் தங்களுக்குள் இளைஞர்களை மாற்றி மாற்றி விற்றுக்கொண்டன. ஆஸ்டன் வில்லாவின் டிம் இரோக்புனம் எவர்டனுக்குப் போனார். எவர்டனின் லூயிஸ் டாபின் வில்லாவுக்கு வந்தார். விலை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரு கோடிதான். பணம் கை மாறியதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு பக்கமும் லாபம் மட்டும் எழுதிக்கொள்ளலாம்.

2026-27 முதல் வேறு அளவுகோல் வருகிறது. 2025 நவம்பரில் கிளப்கள் வாக்களித்து ஏற்றது: சம்பளம், அமார்ட்டைசேஷன், ஏஜென்ட் கட்டணம் எல்லாம் சேர்ந்த அணிச் செலவு, கால்பந்து வருமானத்தில் (வீரர் விற்பனை லாபமும் சேர்த்து) 85 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். ஐரோப்பியப் போட்டியில் ஆடும் கிளப்புக்கு யூஇஎஃப்ஏவின் வரம்பு 70. வருமானத்தின் விழுக்காடு என்பதால் பெரிய மைதானமும் உலகெங்கும் ரசிகர்களும் உள்ளவர்களுக்கு இது சாதகம். சின்ன கிளப்புக்கு விற்பனை லாபமே இனியும் ஊன்றுகோல்.

கேள்வி: ஃபாரஸ்டுக்கு நான்கு புள்ளி வெட்டினார்களே, அது நியாயமா?
எஸ்.பி., யாழ்ப்பாணம்

கணக்குப்படி நியாயம். மூன்று ஆண்டுகளுக்கு அவர்களின் நட்ட வரம்பு 6.1 கோடி: இரண்டாம் நிலையான சாம்பியன்ஷிப்பில் இருந்த இரு ஆண்டுகளுக்குத் தலா 1.3 கோடி, பிரீமியர் லீகில் ஓராண்டுக்கு 3.5 கோடி. தாண்டியதோ 3.45 கோடி. அகாடமியில் வளர்ந்த பிரென்னன் ஜான்சனை 2023 ஜூன் 30-க்கு முன் வந்த குறைந்த விலைக்கு விற்காமல், செப்டம்பர் 1-ல் டாட்டன்ஹாமுக்கு 4.75 கோடிக்கு விற்றோம், அதைக் கணக்கில் எடுங்கள் என்று வாதிட்டார்கள். கெடு தாண்டிய விற்பனை அடுத்த ஆண்டுக் கணக்கு என்று விசாரணைக் குழு சொல்லிவிட்டது. ஆறு புள்ளி என்று கணக்கிட்டு, உண்மையை ஒப்புக்கொண்டு ஒத்துழைத்ததற்காக இரண்டைக் குறைத்தார்கள். இதே விதியை மீறிய எவர்டனுக்கு முதலில் வெட்டியது பத்து. மேல்முறையீட்டில் ஆறு ஆனது. ஃபாரஸ்ட் அந்தப் பருவத்தில் 17-வது இடம் பிடித்து, கீழ் நிலைக்கு இறங்காமல் தப்பியது. பொறுத்திருந்து நல்ல விலைக்கு விற்றதையும் வெட்டுப்பட்ட புள்ளிகளையும் எடைபோட்டால் அவர்களுக்குப் பெரிய நட்டம் இல்லை.

கேள்வி: புதிதாக மேலேறி வரும் கிளப் எவ்வளவு செலவழிக்கலாம்? செலவழிக்காவிட்டால் இறங்குகிறார்கள், செலவழித்தால் கடனாகிறார்கள்.
டி.ஜே., திருச்சி

உங்கள் கேள்வியிலேயே சிக்கல் முழுவதும் இருக்கிறது. 2023-24-லும் 2024-25-லும் இரண்டாம் நிலையிலிருந்து மேலேறி வந்த மூன்று கிளப்களும் அதே பருவத்தில் அப்படியே இறங்கின.

முதலில் வரவைப் பாருங்கள். 2023-24-ல் கடைசி இடம் பிடித்த ஷெஃபீல்டு யுனைடெடுக்கே லீகின் ஒளிபரப்புப் பங்காக ஏறக்குறைய 11 கோடி கிடைத்தது. சாம்பியன் மான்செஸ்டர் சிட்டிக்கு 17.6 கோடி. இந்த விகிதம் ஐரோப்பாவின் பெரிய லீகுகளில் பார்க்கக் கிடைக்காத அளவுக்குச் சமமானது. இறங்கிய பிறகும் ஆறுதல் தொகை உண்டு: சமமாகப் பிரிக்கும் ஒளிபரப்புப் பங்கில் முதல் ஆண்டு 55, இரண்டாம் ஆண்டு 45, மூன்றாம் ஆண்டு 20 விழுக்காடு. மேலே ஒரே ஒரு பருவம் மட்டும் இருந்துவிட்டு இறங்கினால் அந்த மூன்றாம் ஆண்டு கிடையாது.

இதை வைத்து இப்படித் திட்டமிடலாம். எல்லா வீரர் ஒப்பந்தத்திலும், பழைய ஆட்களுக்கும் சேர்த்து, இறங்கினால் சம்பளம் குறையும் என்ற ஷரத்தை எழுதுங்கள்; பாதி வரை குறைப்பது நடைமுறையில் உண்டு. வீரர் ஒப்புக்கொள்ள மறுத்தால் அதற்குப் பதில், இறங்கினால் குறிப்பிட்ட விலைக்குப் போகலாம் என்ற ஷரத்தைக் கொடுங்கள். வாங்குபவர்களில் பெரும்பாலோர் 23 வயதுக்குட்பட்டவர்களாக இருக்கட்டும். இறங்கினாலும் அவர்களுக்குச் சந்தை இருக்கும். 31 வயது அனுபவசாலிக்கு மூன்றாண்டு ஒப்பந்தம் போடுவதுதான் பெரும்பாலும் கிளப்பை முடக்குகிறது. அவரை விற்கவும் முடியாது, ஆட வைக்கவும் முடியாது. விலையைத் தவணையில் கட்டுவதென்றால், இரண்டாம் ஆண்டுத் தவணையை ஒளிபரப்புப் பணத்தை நம்பி எழுதாதீர்கள். 55 விழுக்காட்டுத் தொகையில் கட்ட முடியுமா என்று பாருங்கள்.

லூட்டன் 2023-ல் ஏறி வந்தபோது பன்னிரண்டாயிரம் பேர் கொள்ளும் பழைய மைதானத்தைப் பழுது பார்த்து, அடக்கமாகச் செலவழித்தது. 2024-ல் இறங்கியது, 2025-ல் மூன்றாம் நிலைக்கும் போனது. சேமித்ததால்தான் கெட்டார்கள் என்று சிலர் சொல்வதை நாங்கள் ஏற்கவில்லை. எதிர்முனையில் லீட்ஸ் இருக்கிறது. வருங்கால டிக்கெட் வசூலை அடகு வைத்து 6 கோடி கடன் வாங்கினார்கள். ஐரோப்பாவின் முதன்மைக் கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீகுக்கு ஆண்டுதோறும் தகுதி பெறுவோம் என்பது கணக்கு. 2001-ல் அரையிறுதி வரை போனார்கள். அடுத்த பருவத்துக்குத் தகுதி கிடைக்கவில்லை. 2004-ல் இறக்கம், 2007-ல் மூன்றாம் நிலை. திரும்ப மேலே வர 16 ஆண்டு ஆனது. லூட்டன் விழுந்தது ஆட்டத்தில். அது எழுந்துவிடக்கூடிய வீழ்ச்சி.

கேள்வி: எங்கள் ஊரில் பிள்ளைகளுக்குப் பயிற்சி முகாம் நடத்துகிறோம். நாங்கள் வளர்த்த பையன் நாளை வெளிநாட்டுக் கிளப்புக்கு விலை போனால் எங்களுக்கு ஏதும் வருமா?
பயிற்சியாளர் ஒருவர், தஞ்சாவூர்

பயிற்சி முகாமாகவே இருந்தால் வராது. மாவட்டச் சங்கம் வழியாகப் பதிவான கிளப்பாக இருந்து, அந்தப் பையன் உங்கள் வீரராக அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் இணையப் பதிவில் ஆண்டுதோறும் ஏறியிருந்தால் வரும். ஃபிஃபா விதிப்படி, நாடு விட்டு நாடு போகும் டிரான்ஸ்ஃபர் விலையில் 5 விழுக்காடு, 12 முதல் 23 வயது வரை அவரை வளர்த்த கிளப்களுக்குப் பங்கு. 12 முதல் 15 வயதுக்கான ஒவ்வோர் ஆண்டுக்கும் விலையில் 0.25 விழுக்காடு, 16 முதல் 23 வரை ஆண்டுக்கு 0.5. பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வரை உங்களிடமே இருந்தார் என்றால் மொத்தம் 2.5 விழுக்காடு. ஒரு கோடிக்கு இரண்டரை லட்சம். முதல் விற்பனையில் மட்டுமல்ல, பின்னர் விலை கொடுத்து வாங்கப்படும் ஒவ்வொரு பன்னாட்டு டிரான்ஸ்ஃபருக்கும் இது உண்டு.

2022 நவம்பர் முதல் பாரிஸில் உள்ள ஃபிஃபாவின் தீர்வகம் பதிவேட்டைப் பார்த்துத் தானே பிரித்து அனுப்புகிறது. எனவே பணம் தவறுவது பெரும்பாலும் பதிவில் ஓட்டை இருப்பதால்தான்: பெயரின் எழுத்து ஆவணத்துக்கு ஆவணம் மாறுவது, பிறந்த தேதி தவறுவது, இடையில் ஓராண்டு புதுப்பிக்காமல் விடுவது. பையன் பன்னிரண்டு வயதைத் தொடும் நாளிலிருந்து இதில் கண்ணாக இருங்கள்.

கேள்வி: ஒருவரே பல கிளப்களை வைத்திருப்பது சின்னவர்களுக்கு உதவுமா?
என்.ஏ., சிங்கப்பூர்

ஆட்களைப் பழக்க உதவும். பிரைட்டன் உரிமையாளர் புளூமுக்குப் பங்குள்ள பெல்ஜியக் கிளப் யூனியன் சேன்ட் ஜில்வாஸில் ஓராண்டு ஆடிய பிறகே காவோரு மிதோமா பிரைட்டனில் இறங்கினார். ஆனால் இரண்டு கிளப்பும் ஒரே ஐரோப்பியப் போட்டிக்குத் தகுதி பெற்றால் வில்லங்கம். புளூம் 2023-ல் யூனியனில் தன் பங்கைச் சிறுபான்மையாகக் குறைத்துத் தப்பினார். கிரிஸ்டல் பேலஸ் 2025-ல் இங்கிலாந்தின் எஃப்ஏ கோப்பை வென்று, ஐரோப்பியப் போட்டியான யூரோப்பா லீகுக்குத் தகுதி பெற்றது. அதன் பங்குதாரர் ஜான் டெக்ஸ்டர் பிரான்சின் லியோனையும் வைத்திருந்தார். பங்கு மாற்றத்துக்குக் கெடு மார்ச் 1. அதற்குள் செய்யாததால் பேலஸ் ஒரு படி கீழே கான்ஃபரன்ஸ் லீகுக்குத் தள்ளப்பட்டது. மார்ச்சில் யாரும் அவர்கள் கோப்பை வெல்வார்கள் என்று நினைக்கவில்லை. அதனால்தான் நினைத்து வைத்திருக்க வேண்டும்.

கேள்வி: ஒரு கிளப்பின் கணக்கைச் சாதாரண ரசிகர் படிக்க வழி உண்டா?
வி.எல்., சேலம்

உண்டு, காசில்லாமல். பிரிட்டனின் கம்பெனிகள் பதிவகத்தின் இணையதளத்தில் எல்லாக் கிளப்பின் தணிக்கைக் கணக்கும் இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு ஆண்டு முடிவு ஜூன் 30. தனியார் கம்பெனிக்கு ஒன்பது மாத அவகாசம் என்பதால் மார்ச் கடைசியில் வந்து குவியும். கிளப் நிறுவனத்தோடு நிற்காமல் அதன் தாய் நிறுவனத்தையும் தேடுங்கள். கடன் அங்கே இருக்கும்.

முதலில் சம்பளத்தை வருமானத்தால் வகுங்கள். 60 விழுக்காடு என்றால் நிம்மதி, 70-ஐத் தாண்டினால் கவனம். 90-க்கு மேல் என்றால் உரிமையாளரின் தயவில் ஓடுகிறது. பிறகு 'வீரர் பதிவு விற்பனை லாபம்' என்ற வரியை எடுத்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். கிளப்பின் அன்றாட நிலை அதுதான். கடன் பற்றிய குறிப்பில் மற்ற கிளப்களுக்குக் கட்ட வேண்டிய தவணை எவ்வளவு, வர வேண்டிய தவணை எவ்வளவு என்று இரண்டும் தனித்தனியே இருக்கும். கட்ட வேண்டியது ஓராண்டுக்குள் என்ற தலைப்பில் பெரிதாகவும், வர வேண்டியது சிறிதாகவும் இருந்தால் அடுத்த கோடையில் யாரையாவது விற்கப் போகிறார்கள் என்று அர்த்தம். வர வேண்டிய தவணையை வங்கியிடம் தள்ளுபடி விலைக்கு விற்று முன்பணம் வாங்கியிருந்தால், பதிவகத்தில் அடமானப் பதிவுகள் என்ற பகுதியில் அந்த வங்கியின் பெயர் தெரியும்.

கடைசிப் பக்கங்களில் 'ஆண்டு முடிந்த பின் நடந்தவை' என்று ஒரு குறிப்பு வரும். ஜூன் 30-க்குப் பிறகு வாங்கியதும் விற்றதும் நிகரமாக எவ்வளவு என்று அங்கே ஒரே வரியில் போட்டிருப்பார்கள். அடுத்த ஆண்டுக் கணக்கை முன்கூட்டி ஊகிக்க முதலில் புரட்ட வேண்டிய இடம் அது.